பெயரும் முகவரியும் மட்டுமே: பைத்தானிலிருந்து சி லைப்ரரியை அழைத்தல்

பைத்தான் நிரலிலிருந்து சி மொழியில் எழுதப்பட்ட லைப்ரரி ஒன்றை முதன்முதலாக நேரடியாக அழைத்தபோது எனக்குக் கிடைத்த விடை -873187034. நான் அழைத்தது, தரவைச் சுருக்கும் இசட்லிப் லைப்ரரியில் உள்ள, தரவு பழுதாகவில்லை என்று சரிபார்க்கும் எண்ணைக் கணக்கிடும் சிஆர்சி32 என்ற ஃபங்ஷனை. கொடுத்தது 123456789 என்று இலக்கங்களை வரிசையாக எழுதிய ஒன்பது பைட் ஸ்ட்ரிங்கை. சிஆர்சி கணக்கைச் சரிபார்க்க வழக்கமாகக் கொடுக்கப்படும் சோதனை உள்ளீடு அதுதான். அதற்கு வர வேண்டிய விடை 3421780262. என் நிரலில் இருந்தவை மூன்றே வரிகள்: லைப்ரரியை ஏற்றுவது, ஃபங்ஷனைப் பெயர் சொல்லி எடுப்பது, அழைப்பது. எந்த வரியிலும் பிழைச்செய்தி வரவில்லை. விடை மட்டும் தவறாக இருந்தது.

இரண்டு எண்களுக்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கிட்டுப் பார்த்தால் அது மிகச் சரியாக 4294967296, அதாவது இரண்டின் 32-ஆம் அடுக்கு. லைப்ரரி திருப்பித் தந்த 32 பிட்டுகளில் ஒன்றுகூடத் தவறில்லை. அவற்றைக் குறியற்ற எண்ணாகப் படித்திருக்க வேண்டும். என் நிரல் குறியுள்ள எண்ணாகப் படித்துவிட்டது. சி ஃபங்ஷன்களை அழைக்க நான் பயன்படுத்திய, பைத்தானின் சிடைப்ஸ் தொகுதியில், ஒரு ஃபங்ஷன் எவ்வகை மதிப்பைத் திருப்பித் தரும் என்று நாம் சொல்லாமல் விட்டால், அது குறியுள்ள 32 பிட் முழு எண்ணைத் தருவதாகவே எடுத்துக்கொள்ளப்படும். இந்தக் குழப்பம் பைத்தானின் சொந்த இசட்லிப் தொகுதியிலேயே வெகுகாலம் இருந்தது என்பதைப் பிறகுதான் அறிந்தேன். பைத்தான் 2-இன் பழைய பதிப்புகளில் இதே ஃபங்ஷன் சில கணினிகளில் குறியுள்ள எண்ணையும் சிலவற்றில் குறியற்ற எண்ணையும் தந்துகொண்டிருந்தது, 2.6-இல் எங்கும் குறியுள்ள எண் என்றும், 3-இல் எங்கும் குறியற்ற எண் என்றும் வரையறுத்தார்கள்.

அந்த எதிர்ம எண்ணிலிருந்து நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன். கம்பைல் செய்யப்பட்ட, அதாவது இயந்திர மொழிக்கு மாற்றப்பட்ட, ஒரு சி லைப்ரரியின் உள்ளே, வெளியிலிருந்து அழைக்கத்தக்க ஃபங்ஷன்களைப் பற்றி இருப்பது பெயரும் முகவரியும் மட்டுமே. எத்தனை மதிப்புகளை வாங்கிக்கொள்ளும், அவை என்ன வகை, எதைத் திருப்பித் தரும், கொடுத்த பாயின்டரை (நினைவக முகவரியை) எவ்வளவு காலம் வைத்திருக்கும் என்பவற்றில் எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. வகைகளைப் பற்றிய செய்தி, லைப்ரரியோடு தனியாக வரும் அறிவிப்புக் கோப்பான ஹெடர் ஃபைலில் இருக்கிறது. மற்றவை பெரும்பாலும் ஆவணத்தில், சில சமயம் ஹெடர் ஃபைலின் ஒரு குறிப்புரையில், சில சமயம் எழுதியவரின் மனத்தில் இருக்கின்றன. சி நிரலர் ஹெடர் ஃபைலைச் சேர்த்துக்கொள்ளும்போது, அழைக்கும் பக்கமும் அழைக்கப்படும் பக்கமும் ஒத்துப்போகின்றனவா என்று கம்பைலர் நடுவில் நின்று பார்த்துக்கொள்கிறது. பைத்தானிலிருந்து அழைக்கும்போது அந்த நடுவர் இல்லை. அந்த வேலையை நாம்தான் செய்ய வேண்டும். ஆனால் செய்யவில்லை என்று நமக்குச் சொல்ல அங்கே யாரும் இல்லை.

வகையைத் தவறாகச் சொன்னால் என்ன ஆகிறது என்பதைப் புரிந்துகொள்ள, அழைப்பு என்பது கணினியின் மட்டத்தில் எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும். 64 பிட் இன்டெல், ஏஎம்டி செயலிகளில் லினக்ஸ் பின்பற்றும் ஒப்பந்தப்படி, முழு எண்களும் பாயின்டர்களும் முதல் ஆறு வரை ஆறு குறிப்பிட்ட ரெஜிஸ்டர்களில் (செயலியின் உள்ளேயே இருக்கும் சிறு சேமிப்பிடங்களில்) வைக்கப்படும். தசம எண்கள் எக்ஸ்எம்எம் என்ற வேறொரு வரிசையில், எட்டு வரை வைக்கப்படும். முழு எண் விடை ஆர்ஏஎக்ஸ் ரெஜிஸ்டரிலும் தசம விடை எக்ஸ்எம்எம்0 ரெஜிஸ்டரிலும் திரும்பி வரும். விண்டோஸ் இதே செயலியில் வேறொரு ஒப்பந்தத்தைப் பின்பற்றுகிறது: ரெஜிஸ்டர்களில் செல்பவை நான்கு மதிப்புகள்தான், அதோடு அழைப்பவர் ஸ்டாக் எனப்படும் நினைவகப் பகுதியில் 32 பைட் இடத்தையும் ஒதுக்கிக் கொடுக்க வேண்டும். இப்போது, கொசைன் கணக்கிடும் ஃபங்ஷனை அழைத்துவிட்டு, விடை டபுள் என்ற தசம எண் வகை என்று சொல்ல மறந்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். ஃபங்ஷன் தன் விடையை எக்ஸ்எம்எம்0-வில் ஒழுங்காக வைத்துவிட்டுத் திரும்புகிறது. நாமோ ஆர்ஏஎக்ஸில் முன்பு யாரோ விட்டுச்சென்ற எதையோ எடுத்து வந்து விடை என்று காட்டுகிறோம். அந்த எண்ணுக்கும் கொசைனுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை; கேட்ட வீட்டின் கதவைத் தட்டாமல் பக்கத்து வீட்டில் போய் விசாரித்துவிட்டு வந்ததற்கு ஒப்பானது அது.

பைத்தானில் எழுதும்போது நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் ஃபங்ஷனின் வகைகள் தெரியவருகின்றன. அந்த நேரத்தில் மதிப்புகளை உரிய ரெஜிஸ்டர்களில் அடுக்கி, அழைத்து, விடையை எடுத்துக் கொடுக்கும் பணியைச் செய்வது லிப்எஃப்எஃப்ஐ என்ற சிறு லைப்ரரி. ஆந்தனி கிரீன் 1996-இல் எழுதத் தொடங்கியது இது. 2006-இல் வெளிவந்த பைத்தான் 2.5-உடன் சேர்ந்த சிடைப்ஸ் இதன்மீதுதான் நிற்கிறது. பல மொழிகளின் அழைப்பு வசதிகளும் அப்படியே. ஒவ்வொரு செயலிக்கும், ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் உரிய ஒப்பந்தத்தை அறிந்து வைத்திருக்கும் இந்த லைப்ரரியை எழுதிப் பராமரித்தவர்களுக்கு நாம் அனைவரும் கடன்பட்டிருக்கிறோம் என்றே நினைக்கிறேன். ஆனால் அதற்கும் நாம் சொன்ன வகைகள்தான் தெரியும். பொய் சொன்னால் அந்தப் பொய்யை மிகத் துல்லியமாக நிறைவேற்றிக் கொடுக்கும்.

முழு எண்களின் அளவு அடுத்த கண்ணி. இசட்லிப்பின் சிஆர்சி32 திருப்பித் தரும் வகை அன்சைன்ட் லாங். லாங் என்பது 64 பிட் லினக்ஸில் எட்டு பைட். 64 பிட் விண்டோஸில் நான்கு பைட். எனவே அதை 64 பிட் எண் என்று கைப்பட எழுதி வைப்பவரின் நிரல் லினக்ஸில் சரியாக ஓடும். விண்டோஸில் மேல்பாதி 32 பிட்டுகளில் என்ன இருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஹெடர் ஃபைல் லாங் என்று சொன்னால் நாமும் லாங் என்றே சொல்ல வேண்டும். அதன் அளவை நாம் மொழிபெயர்க்கக் கூடாது. பாயின்டர்களில் இது இன்னும் கடுமையாகும். பாயின்டரைத் திருப்பித் தரும் ஃபங்ஷனுக்கு வகை சொல்லாமல் விட்டால், 64 பிட் முகவரியின் கீழ்ப்பாதி மட்டுமே நம் கையில் மிஞ்சும். அந்த அரைகுறை முகவரியை அடுத்த ஃபங்ஷனிடம் கொடுத்த கணத்தில் நிரல் சாகும். செத்தால் நல்லது என்றே சொல்வேன், ஏனெனில் காரணம் பக்கத்திலேயே இருக்கும்.

ஆப்பிளின் ஏஆர்எம் செயலிக் கணினிகளில் இன்னொரு வேறுபாடு உண்டு. பிரின்ட்எஃப் போன்று, எத்தனை மதிப்புகள் வரும் என்று முன்கூட்டியே வரையறுக்காத ஃபங்ஷன்களுக்கு, அந்தக் கூடுதல் மதிப்புகள் அங்கே ரெஜிஸ்டரில் செல்வதில்லை. எப்போதும் ஸ்டாக்கில்தான் செல்கின்றன. இன்டெல் செயலியில் ஆண்டுக்கணக்கில் ஒழுங்காக ஓடிய நம் வகை அறிவிப்பு, அங்கே போனதும் குப்பையைத் தருகிறது. கோப்பைத் திறக்கும் ஓப்பன் என்ற சாதாரண ஃபங்ஷனே இந்த வகையைச் சேர்ந்தது என்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை.

தமிழில் எழுதுகிற நமக்கு ஸ்ட்ரிங் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்றாலும் ஒன்றைக் காட்டிவிட்டுப் போகிறேன். ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைப் பைத்தானிடம் கேட்டால் ஐந்து என்று சொல்லும்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. அதையே யுடிஎஃப்-8 வடிவில் சி பக்கத்துக்கு அனுப்பினால் அங்கே நீளம் 15 பைட். இறுதியில் வரும் பூஜ்ஜியத்தையும் சேர்த்தால் 16. கண்ணால் பார்க்கிற நாம் எண்ணுவது மூன்று எழுத்துகள். நீளத்தைத் தனி மதிப்பாகக் கேட்கும் சி ஃபங்ஷனுக்கு ஐந்து என்று கொடுத்துவிட்டால், அது ‘த’ என்ற எழுத்தின் மூன்று பைட்டுகளையும் ‘ம’-வின் முதல் இரண்டு பைட்டுகளையும் எடுத்துக்கொண்டு நிற்கும். ஆங்கில ஸ்ட்ரிங்கில் மூன்று எண்ணிக்கைகளும் ஒன்றாகவே இருப்பதால், இந்தப் பிழையைச் செய்த நிரல் ஆங்கிலத்தில் எழுதிய சோதனைகள் அனைத்திலும் தேறிவிடும். அதனால் நான் எழுதும் எந்தச் சோதனையிலும் ஒரு தமிழ்ச் சொல்லை வைத்துவிடுகிறேன். விண்டோஸின் அகல எழுத்து வகை இரண்டு பைட், லினக்ஸில் நான்கு பைட் என்பதும் இதோடு சேர்த்து நினைவில் வைக்க வேண்டியது.

இனி, எனக்கு மெய்யாகவே நாட்கணக்கில் வேலை வைத்த இரண்டு செய்திகளுக்கு வருகிறேன். ஓர் அளவீட்டுக் கருவியைப் பைத்தானிலிருந்து இயக்க வேண்டியிருந்தது. கருவியைத் தயாரித்தவர்கள் கம்பைல் செய்த லைப்ரரியையும் ஒரு ஹெடர் ஃபைலையும் தந்திருந்தார்கள். மூல நிரலைத் தரவில்லை. அளவீடு ஒவ்வொன்றும் ஒரு ஸ்ட்ரக்டில், அதாவது பல புலங்களை ஒன்றாகக் கட்டிய தொகுப்பில், வந்தது. முதலில் கருவியின் நிலையைச் சொல்லும் ஒரு பைட், அடுத்து நான்கு பைட் எண்ணிக்கை, அடுத்து எட்டு பைட் டபுளாக அளவு, கடைசியில் ஒரு பைட் கொடி. கூட்டினால் 14 பைட். ஆனால் 64 பிட் கணினியில் கம்பைலர் இப்படி ஒட்டி ஒட்டி அடுக்குவதில்லை. நான்கு பைட் எண்ணை நான்கால் வகுபடும் இடத்திலும், டபுளை எட்டால் வகுபடும் இடத்திலும் வைப்பதற்காக இடையில் வெற்றுப் பைட்டுகளை விடும். அதன்படி புலங்கள் 0, 4, 8, 16 ஆகிய இடங்களில் தொடங்கும். மொத்த அளவு 24 பைட். சிடைப்ஸும் இதே விதியைப் பின்பற்றும் என்று அறிந்திருந்ததால், புலங்களை வரிசையாக எழுதிவிட்டு நிம்மதியாக இருந்தேன்.

சோதனைக்காக 25.5 என்ற நிலையான மதிப்பைத் தரும்படி கருவியை அமைத்து ஓட்டினேன். நிலை பைட் சரியாக வந்தது. எண்ணிக்கை 0 என்று வந்தது. அளவோ, பூஜ்ஜியத்தை ஒட்டிய, பத்தின் எதிர்ம அடுக்கில் முந்நூறைத் தாண்டிய ஓர் எண்ணாக வந்தது. முதல் புலம் சரியாக இருந்ததாலும் எண்ணிக்கை 0 என்பது நம்பத்தக்க மதிப்பாகத் தோன்றியதாலும், கருவி இன்னும் அளக்கத் தொடங்கவில்லை என்று எண்ணிக் கருவியின் அமைப்புகளையே ஒரு முழு நாள் மாற்றிக்கொண்டிருந்தேன்.

ஹெடர் ஃபைலின் தொடக்கத்தில், ஸ்ட்ரக்ட் இருந்த இடத்திலிருந்து பல பக்கங்களுக்கு மேலே, புலங்களை வெற்றிடமின்றி ஒட்டி அடுக்கும்படி கம்பைலருக்குச் சொல்லும் ஒற்றை வரி இருந்தது. அதாவது லைப்ரரியின் பார்வையில் அந்த ஸ்ட்ரக்ட் 14 பைட்தான். எண்ணிக்கை 1-ஆம் இடத்திலும் அளவு 5-ஆம் இடத்திலும் கொடி 13-ஆம் இடத்திலும் தொடங்குகின்றன. நான் எண்ணிக்கை என்று நினைத்து 4-ஆம் இடத்திலிருந்து படித்த நான்கு பைட்டுகளில் முதலாவது மட்டும் உண்மையான எண்ணிக்கையின் உயர்ந்த பைட். சிறிய எண்களுக்கு அது பூஜ்ஜியமாகவே இருக்கும். மற்ற மூன்றும் அளவின் கடைநிலைப் பைட்டுகள். 25.5 என்ற எண்ணின் எட்டு பைட்டுகளில் முதல் ஐந்து பூஜ்ஜியம் என்பதால், நான் படித்தது ஒட்டுமொத்தமாகப் பூஜ்ஜியமாயிற்று. கருவி 25.5 என்ற முழுமையான எண்ணுக்குப் பதிலாக 25.37 என்று தந்திருந்தால் எண்ணிக்கையில் ஏதோ ஒரு பெரிய குப்பை எண் வந்திருக்கும், அப்போதே விழித்திருப்பேன். சோதனை மதிப்பை நான் வசதிக்காக அழகாகத் தேர்ந்தெடுத்ததே பிழையை மறைத்துவிட்டது. அதன்பின் சோதனை மதிப்பாக எப்போதும் கரடுமுரடான எண்களையே கொடுக்கிறேன்.

இங்கே எனக்கு நேர்ந்தது இருவகைத் தவறுகளில் இலேசானது. நான் ஒதுக்கிய இடம் 24 பைட், லைப்ரரி எழுதியது 14 பைட். பிழையாகப் படித்தேன், அவ்வளவுதான். இதுவே தலைகீழாக, நான் ஒதுக்கியது சிறிதாகவும் லைப்ரரி எழுதுவது பெரிதாகவும் இருந்திருந்தால், எனக்குச் சொந்தமில்லாத நினைவகத்தில் அது எழுதியிருக்கும்; எங்கோ, எப்போதோ, தொடர்பே இல்லாத ஒரு வரியில் நிரல் விழுந்திருக்கும்.

இரண்டாவது செய்தி கால்பேக். அந்த லைப்ரரி ஒவ்வோர் அளவீடு தயாரானதும் நாம் கொடுத்து வைத்த ஒரு ஃபங்ஷனை அழைக்கும். பைத்தான் ஃபங்ஷனைச் சி பக்கம் அழைக்க முடியாது என்பதால், சிடைப்ஸ் நடுவில் ஒரு சிறு இயந்திர நிரல் துண்டை உருவாக்கி, அதன் முகவரியைச் சி பக்கத்துக்குக் கொடுக்கிறது. அந்தத் துண்டு ஒரு பைத்தான் பொருளுக்குச் சொந்தம். பொருள் போனால் துண்டும் போய்விடும். சி பக்கமோ முகவரியை மட்டும் குறித்து வைத்திருக்கிறது. பைத்தானின் நினைவக நிர்வாகத்துக்கு, அந்த முகவரியை வெளியே ஒருவர் நம்பிக்கொண்டிருக்கிறார் என்பது தெரிய வழியே இல்லை. இதெல்லாம் சிடைப்ஸின் ஆவணத்திலேயே எச்சரிக்கையாக எழுதப்பட்டிருக்கிறது. நானும் படித்திருந்தேன், அதனால்தான் கால்பேக்கை அளவீட்டைக் கையாளும் பொருளின் ஓர் உறுப்பாகச் சேமித்து வைத்தேன். ஆனால் அந்தப் பொருளை ஒரு தொடக்க ஃபங்ஷனுக்குள் உருவாக்கிவிட்டு, அதை எங்கும் வைத்துக்கொள்ளாமல் வெளியே வந்துவிட்டேன்.

நிரல் ஓடியது. சில நூறு அளவீடுகள் ஒழுங்காகப் பதிவாயின; பிறகு ஒரு சொல்கூடச் சொல்லாமல் செக்மென்டேஷன் ஃபால்ட் (தவறான நினைவக அணுகல்) என்று விழுந்தது. எங்கே விழுகிறது என்று பார்க்க, அளவீடு ஒவ்வொன்றுக்கும் கூடுதல் விவரங்களைத் திரட்டி ஒரு பட்டியலில் சேர்க்கும்படி செய்தேன். உடனே இன்னும் விரைவாக விழத் தொடங்கியது. விவரங்களைக் குறைத்தால் சற்று அதிக நேரம் தாங்கியது. இயல்பாகவே என் சந்தேகம் முழுவதும் நான் புதிதாகச் சேர்த்த வரிகள் மீதும், கருவி லைப்ரரியின் மீதும் போயிற்று. கால்பேக் முதல் அழைப்பிலேயே விழாமல் சில நூறு முறை வேலை செய்தது என்பதால், அதன்மீது எனக்கு எந்த ஐயமும் எழவில்லை.

காரணம், பைத்தான் பொருள்கள் ஒன்றையொன்று வட்டமாகச் சுட்டும் சுழற்சிக் குறிப்புகளில் இருந்தது. கையாளும் பொருள் கால்பேக்கை வைத்திருந்தது. கால்பேக் அந்தப் பொருளின் மெத்தடை வைத்திருந்தது. மெத்தட் பொருளை வைத்திருந்தது. இப்படி ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நின்றதால், வெளியே யாரும் வைத்துக்கொள்ளாத நிலையிலும் பொருளைச் சுட்டுபவை எத்தனை என்று பைத்தான் வைத்திருக்கும் குறிப்பு எண்ணிக்கை பூஜ்ஜியத்துக்கு இறங்கவில்லை. இத்தகைய சுழற்சிகளைத் தேடி அழிப்பதற்கென்றே பைத்தானில் தனியாக ஒரு கார்பேஜ் கலெக்டர் உண்டு. பட்டியல், டப்பிள் (மாற்ற முடியாத பட்டியல்) போன்ற பொருள்கள், அழிந்தவை போக மிஞ்சியவை, ஒரு வரம்பைத் தாண்டும்போது அது கிளம்பும். நான் பயன்படுத்திய பதிப்பில் அந்த வரம்பு 700. அளவீட்டுக்கு ஒரு டப்பிள் என்று சேர்ந்துகொண்டே வந்து, வரம்பைத் தாண்டியதும் கலெக்டர் ஓடி, யாருக்கும் வேண்டாததாகத் தெரிந்த என் பொருளையும் அதோடு கால்பேக்கையும் முறைப்படி அப்புறப்படுத்தியிருக்கிறது. அடுத்த அளவீடு தயாரானபோது லைப்ரரி பழைய முகவரிக்குப் போயிருக்கிறது. அங்கே ஒன்றும் இல்லை. நான் கூடுதலாகச் சேர்த்த ஒவ்வொரு விவரமும் வரம்பை விரைவில் எட்டச் செய்ததே தவிர வேறு குற்றம் செய்யவில்லை. கலெக்டரை நிறுத்திவிட்டு ஓட்டியபோது நிரல் விழவே இல்லை. அப்போதுதான் பொறி தட்டியது. பொருளை நிரலின் மேல்மட்டத்தில் ஒரு பெயரில் வைத்து, லைப்ரரியிடம் கால்பேக்கை விலக்கிக்கொள்ளும்படி சொன்ன பிறகே விடுவிக்கும்படி எழுதியதும் பிரச்சினை தீர்ந்தது. கலெக்டரை நிறுத்தி வைப்பதே தீர்வு என்று அங்கேயே நின்றிருக்க முடியும். அப்படி நிற்காததில் எனக்கு இன்றும் நிறைவு.

ஆயுட்காலம் என்ற இந்தச் செய்தியை மிக நேர்மையாக எழுதி வைத்திருக்கும் லைப்ரரி என்று நான் மதிப்பது எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள லைப்ரரியை. வினவல் ஒன்றில் உரையை இணைக்கும் அதன் ஃபங்ஷனுக்கு ஐந்தாவதாக ஒரு மதிப்பைக் கொடுக்க வேண்டும். ‘இந்த நினைவகம் மாறாது, அப்படியே வைத்துக்கொள்’ என்று சொல்லலாம். ‘இப்போதே ஒரு படி எடுத்துக்கொள், பிறகு நான் என்ன வேண்டுமானாலும் செய்வேன்’ என்று சொல்லலாம். அல்லது ‘வேலை முடிந்ததும் இந்த ஃபங்ஷனை அழைத்து விடுவித்துவிடு’ என்று ஒரு முகவரியைக் கொடுக்கலாம். பைத்தானிலிருந்து அழைக்கும்போது முதல் வகையைச் சொல்லிவிட்டு ஒரு தற்காலிக பைட் பொருளைக் கொடுத்தால், வினவல் ஓடும் நேரத்தில் அந்தப் பொருள் போயிருக்கும். இரண்டாவது வகையே பாதுகாப்பானது. படி எடுக்கும் செலவு பெரும்பாலும் பொருட்படுத்தத்தக்கதாக இருப்பதில்லை. அதே லைப்ரரியில் பிழைச்செய்தியைப் பெற இரண்டு வழிகள் உண்டு. நேரடியாக வினவலை ஓட்டும் எக்ஸெக் ஃபங்ஷன் தரும் செய்தியை, எஸ்க்யூலைட் தரும் ஃப்ரீ ஃபங்ஷனால் நாம் விடுவிக்க வேண்டும். எர்எம்எஸ்ஜி ஃபங்ஷன் தரும் செய்தியை நாம் விடுவிக்கவே கூடாது. அடுத்த அழைப்பில் அது மாறியும் போகலாம். இரண்டும் எழுத்துப் பாயின்டர்கள்தாம். வகையைப் பார்த்து இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்க எந்தக் கம்பைலராலும் முடியாது; ஆவணத்தைப் படித்தவரால் மட்டுமே முடியும்.

நாம் விடுவிக்க வேண்டிய ஸ்ட்ரிங்கைத் திருப்பித் தரும் ஃபங்ஷனுக்கு, விடை சி ஸ்ட்ரிங் என்று சிடைப்ஸிடம் அறிவிப்பது பலரும் செய்யும் பிழை. அப்படி அறிவித்தால் அது உதவி செய்வதாக எண்ணிக்கொண்டு உள்ளடக்கத்தைப் பைத்தான் பைட் பொருளாக மாற்றிக் கொடுத்துவிடும். மூலப் பாயின்டர் நம் கைக்கு வராது, எனவே விடுவிக்கவும் முடியாது. வெறும் முகவரியாகப் பெற்று, உள்ளடக்கத்தைப் படித்துக்கொண்டு, பிறகு எந்த லைப்ரரி ஒதுக்கியதோ அதனிடமே திருப்பிக் கொடுப்பதுதான் முறை. விண்டோஸில் ஒரே நிரலுக்குள் இரண்டு மூன்று சி ரன்டைம்கள் (சியின் அடிப்படை லைப்ரரிகள்) இருக்கக்கூடும் என்பதால், ஒருவர் ஒதுக்கியதை இன்னொருவரின் ஃப்ரீயிடம் கொடுப்பது நேரடியான நினைவகச் சேதம்.

நிரல் ஓடும்போது எழும் பிழைகளான எக்ஸெப்ஷன்களும் இரு மொழிகளுக்கு இடையிலான எல்லையைத் தாண்டுவதில்லை. சிடைப்ஸ் கால்பேக்குக்குள் எழும் எக்ஸெப்ஷன் திரையில் அச்சிடப்பட்டு அங்கேயே முடிந்துவிடும். சி பக்கத்துக்கு ஒன்றும் தெரியாது. ரஸ்ட் மொழியில், சி ஒப்பந்தப்படி வெளியே காட்டிய ஃபங்ஷனிலிருந்து பேனிக் எனப்படும் பிழை ஒன்று தப்பி வெளியே வர முயன்றால், 2024-இல் வந்த 1.81 பதிப்பிலிருந்து நிரல் அங்கேயே நிறுத்தப்படுகிறது. எல்லையில் நிற்கும் ஒவ்வொரு கால்பேக்கிலும் எக்ஸெப்ஷனைப் பிடித்து, சி புரிந்துகொள்ளும் எண்ணாக மாற்றித் திருப்புவதே சரி. சி++ லைப்ரரிகளில் இதற்கும் முன்னால் பெயரே தடையாக நிற்கும், ஏனெனில் அங்கே கம்பைலர் ஃபங்ஷனின் பெயரோடு அதன் வகைகளையும் பின்னிப் புதுப்பெயர் வைத்துவிடுகிறது. சி பெயரில் காட்டும் மெல்லிய உறை ஒன்றை எழுதிக்கொள்வதே நான் அறிந்தவரை சிரமமற்ற வழி. வேகத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ஒவ்வொரு முறை எல்லையைத் தாண்டும்போதும் ஒரு செலவு உண்டு, ஆகவே பத்து லட்சம் எண்களுக்குப் பத்து லட்சம் முறை அழைக்காமல், முழு அணியின் முகவரியையும் நீளத்தையும் ஒரே அழைப்பில் கொடுங்கள். எண் அணிகளைக் கையாளும் பைத்தான் தொகுதியான நம்பை செய்வதும் அதுதான்.

இவ்வளவு ஆபத்துகளைச் சொன்ன பிறகும் இந்த வேலையை நான் விரும்பிச் செய்கிறேன். நேரியல் இயற்கணிதத்துக்கான லாபேக், கோப்புச் சுருக்கத்துக்கான இசட்லிப், எஸ்க்யூலைட் போன்றவற்றில் பல்லாண்டுகளின் திருத்தங்கள் படிந்திருக்கின்றன. அவற்றை ஒவ்வொரு மொழியிலும் மீண்டும் எழுதுவது, அந்தத் திருத்தங்கள் அனைத்தையும் மீண்டும் ஒருமுறை கண்டறிய முன்வருவதாகும். ஜாவா உலகமும் இதை உணர்ந்தே 1997 முதல் இருந்த ஜேஎன்ஐ என்ற சி அழைப்பு வழிக்குப் பக்கத்தில், சி உறை எழுதத் தேவையில்லாத புதிய வழியொன்றை 2024 மார்ச்சில் வந்த ஜாவா 22-இல் நிலைப்படுத்தியது. அதற்கெனத் தனியாகக் கிடைக்கும் ஜேஎக்ஸ்ட்ராக்ட் என்ற கருவி ஹெடர் ஃபைலைப் படித்து அறிவிப்புகளைத் தானே எழுதிக் கொடுக்கிறது. ரஸ்டில் பைண்ட்ஜென் அதே பணியைச் செய்கிறது. பைத்தானின் சிஎஃப்எஃப்ஐ தொகுதியில் இரண்டு முறைகள் உள்ளன. அவற்றுள் ஒன்று நாம் எழுதிய அறிவிப்பை உண்மையான ஹெடர் ஃபைலோடு சேர்த்துக் கம்பைலரிடம் கொடுத்துச் சரிபார்க்கிறது. கம்பைலரை மீண்டும் நடுவராக அழைத்து வருகிற எந்தக் கருவியும், கையால் எழுதும் எந்த அறிவிப்பையும்விட நம்பகமானது என்பது என் உறுதியான கருத்து. கையால் எழுதுவதைத் தவிர வழியில்லாதபோதுதான் நான் சிடைப்ஸுக்குப் போகிறேன்.

அப்படிப் போகும்போது, அறிவிப்புகள் அனைத்தையும் ஒரே கோப்பில் வைத்து, வகை சொல்லாத ஃபங்ஷன் ஒன்றுகூட இல்லாதபடி பார்த்துக்கொள்கிறேன்; திருப்பித் தராத ஃபங்ஷனுக்கும் ‘ஒன்றும் இல்லை’ என்று எழுதுகிறேன். பாயின்டரை வாங்கும் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் மேலே, அதை யார், எதுவரை வைத்திருப்பார்கள் என்று ஒரு வரி குறிப்பு எழுதுகிறேன். எழுதத் தெரியவில்லை என்றால் ஆவணத்தை இன்னும் படிக்கவில்லை என்று பொருள். பைத்தானின் ஃபால்ட்ஹேண்ட்லரை முதல் வரியிலேயே இயக்கிவிடுகிறேன். நிரல் விழுந்தாலும் எந்தப் பைத்தான் வரியில் நின்றபோது விழுந்தது என்று அது சொல்லிவிடும். கூடவே, ஹெடர் ஃபைலைச் சேர்த்துக்கொண்டு ஒவ்வொரு ஸ்ட்ரக்டின் அளவையும் ஒவ்வொரு புலத்தின் தொடக்க இடத்தையும் அச்சிடும் முப்பது வரி சி நிரல் ஒன்றும் வைத்திருக்கிறேன். சோதனைகள் ஓடும்போது முதலில் அது கம்பைல் ஆகி ஓடும். அது சொல்லும் எண்களும் பைத்தான் சொல்லும் எண்களும் ஒன்றாக இருந்தால்தான் மற்ற சோதனைகள் தொடங்கும்.

அளவீட்டுக் கருவியின் லைப்ரரிக்குச் சில மாதங்களுக்குப் பின் புதிய பதிப்பு வந்தது. மாற்றங்களின் பட்டியலில் ஸ்ட்ரக்ட் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கோப்பை மாற்றி வைத்துச் சோதனைகளை ஓட்டினேன். முதல் சோதனையே நின்றது. சி நிரல் 18 என்றது, பைத்தான் 14 என்றது. ஹெடர் ஃபைலைத் திறந்தால், கொடிக்குப் பின்னால் நான்கு பைட்டில் வெப்பநிலைப் புலம் ஒன்று புதிதாகச் சேர்ந்திருந்தது. அந்தப் புலத்தை என் அறிவிப்பிலும் சேர்த்துவிட்டு மீண்டும் ஓட்டினேன். இரண்டு பக்கமும் 18 என்று வந்தது.